மேரிப் பதிவேடும் குடியானவர் வம்சமும்

இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றின் உழவருடைய முன்னோரைத் தேடுபவருக்கு, 1538-இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணையால் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகள் துணை நிற்கின்றன. அபிஷேகப்பாக்கம் போன்ற புதுச்சேரிக் கிராமத்துக் குடியானவருக்கு அப்படியொரு தொடக்கம் வாய்க்கவில்லை. பாகூர் வட்டாரத்தில் பல்லவர் காலச் செப்பேடும் கோயில் கல்வெட்டுகளும் இருந்தாலும், அவை கொடுத்தவரையும் பெற்றவரையும் பேசுமேயன்றி, ஏர் பிடித்தவரின் தகப்பன் பெயரைப் பேசுவதில்லை.

பிரெஞ்சுச் சட்டத்தொகுப்பை இப்பகுதியில் நடைமுறைப்படுத்திய 1819 ஜனவரி 6-ஆம் நாள் ஆணையே, இந்தியர்கள் அவரவர் சாதி வழக்கப்படி நீதி பெறலாம் என்றும் விதித்ததால், குடும்ப விவகாரங்கள் நெடுங்காலம் ஊர் வழக்கிலேயே தங்கிவிட்டன. 1880-இல் கொம்யூன் எனப்படும் உள்ளாட்சி அமைப்புகள் உருவாகி, பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் கடமை இந்தியர்க்கும் விரிந்தபோதுதான், மேரி என்று மக்கள் வழங்கும் கொம்யூன் அலுவலகத்தின் ஏட்டில் குடியானவர் இடம்பிடித்தார். பெற்றோர் பெயர், வயது, தொழில் ஆகியவற்றோடு சாட்சிகளின் பெயரும் அதில் எழுதப்பட்டது. சாட்சி சொன்னவர் பங்காளியாகவோ மாமன் மைத்துனராகவோ இருக்கக்கூடும் என்பதால், அந்தப் பெயர்களைத் தள்ளிவிட்டுப் படிப்பவர் பாதி வம்சத்தைத் தவறவிடுகிறார். 1907-இல் கொம்யூன்கள் மேலும் பிரிக்கப்பட்டமையால், தேடும் ஆண்டில் ஊர் எந்த மேரியைச் சேர்ந்திருந்தது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பெயர்களோ தனிச் சிக்கல். குடும்பப்பெயர் இல்லாத சமூகத்தில் பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கம் நிலவியதால், கோவிந்தன் மகன் முருகேசன், முருகேசன் மகன் கோவிந்தன் என்று இரண்டு பெயர்களே தலைமுறைதோறும் மாறி மாறி வந்து, பாட்டனையும் பேரனையும் ஒருவராகவே எண்ணச் செய்கின்றன. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்'கள் மட்டும் குடும்பப்பெயர் சூட்டிக்கொண்டனர்; வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாப்போர்த் ஆனார். மரபைத் துறந்தவரின் வம்சமே இன்று எளிதில் பிடிபடுகிறது என்பது வரலாற்றின் குறும்பு.

எல்லைக்கு அப்பால், கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பெண் எடுத்த குடும்பங்களில் தாய்வழி சீக்கிரமே அறுந்துபோகிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் 1899-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் பிறப்பையும் இறப்பையும் பதிந்ததேயன்றி, இந்துத் திருமணங்களைப் பதியவில்லை.

இந்த ஏடுகள் இன்றுவரை புரட்டப்படுவதற்குக் காரணம் ஆர்வத்தைவிடத் தேவையே ஆகும். 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த, புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தந்ததால், தாத்தா எங்கே பிறந்தார் என்பது பேரனின் கடவுச்சீட்டைத் தீர்மானிக்கும் கேள்வியாயிற்று.

கடல் கடந்தவர் கதை வேறு. 1848-இல் பிரான்சு அடிமை முறையை ஒழித்தபின், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ரெயூனியோன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருக்கு வரிசை எண் இடப்பட்டு, பெயரும் வயதும் வந்த இடமும் குறிக்கப்பட்டன. ஆள் ஓடிவிட்டால் பிடிப்பதற்காக எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளைக் கொண்டு தீவுவாழ் சந்ததியார் தம் முன்னோரின் ஊரைத் தேடுகின்றனர். 1880-க்கு முன்பே ஊரிலேயே வாழ்ந்து மடிந்த உடன்பிறந்தவருக்கு அந்த அளவு எழுத்தும் மிஞ்சவில்லை.