வெள்ளலூருக்கு வந்த வெள்ளி

கோவை ஆர்.எஸ்.புரத்தில் யாரிடமாவது வெள்ளலூர் என்று சொல்லிப் பாருங்கள். குப்பைக்கிடங்குதான் நினைவுக்கு வரும். எனக்கு அது பெரிய வருத்தம். நொய்யல் ஆற்றை ஒட்டிய அந்த ஊர் மண்ணில் 1842-ல் ஒரே புதையலாக 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1891-லும் 1931-லும் மறுபடியும் கிடைத்தன. பெரும்பாலானவை ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்த தினாரியஸ் காசுகள். ஒவ்வொன்றும் நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு.

அந்தத் தலைகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வெள்ளியை வெட்டியெடுத்த கைகளைப் பற்றி இந்த வாரம் பேசலாம்.

ரோமுக்கு அன்று வெள்ளியை அள்ளிக் கொடுத்த நாடு ஸ்பெயின். அதன் தென்மேற்கில் ரியோ டின்டோ என்ற சுரங்கப் பகுதி இருக்கிறது. பிற்காலத்தில் அங்கே தோண்டியவர்கள் ரோமானியர் குடைந்த பாதைகளுக்குள் பெரிய மரச் சக்கரங்களைக் கண்டார்கள். செம்பு ஊறிய தண்ணீரில் கிடந்ததால் மரம் மட்கவில்லை. ஆழத்தில் ஊற்று பெருகினால் வேலை நின்றுவிடும். அதை இறைக்கத்தான் இந்தச் சக்கரங்கள். விளிம்பைச் சுற்றிலும் பெட்டி பெட்டியாகத் தடுத்திருப்பார்கள். கீழே மொண்ட தண்ணீரை மேலே உள்ள தொட்டியில் கொட்டும். அங்கிருந்து அடுத்த சக்கரம் மொள்ளும். ஓரிடத்தில் எட்டு ஜோடிச் சக்கரங்கள் இப்படி அடுக்கடுக்காக நின்று, ஏறக்குறைய 80 அடி உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றின.

எண்பதடிக் கிணறு கொங்குக்காரருக்குப் புதிதல்ல. நம் தாத்தாக்கள் கவலை ஓட்டி இறைத்தார்கள். இழுத்தவை மாடுகள், தலைக்கு மேலே வானம் இருந்தது. அங்கே இருட்டுக்குள் சக்கரத்தை மிதித்துச் சுழற்றியது மனிதன். ஸ்பெயின் சுரங்க அடிமைகள் இரவு பகலாக உழைத்து உடல் தேய்ந்து செத்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார். கிழக்கே கார்த்தஜீனா பக்கத்துச் சுரங்கங்களில் மட்டும் 40,000 பேர் வேலை செய்ததாக இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்குச் சொல்கிறார். படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

காசுக்குத் திரும்புவோம். இந்தியாவில் அதிகம் கிடைக்கும் அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள் லுக்தூனம் என்ற ஊரில், இன்றைய பிரான்சின் லியோனில், அடிக்கப்பட்டவை. எகிப்து வழியாகக் கப்பலேறி கேரளக் கரையின் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்குக்கும் காசுக்கும் கொங்குக்குள் நுழைய இயல்பான வாசல் பாலக்காட்டுக் கணவாய். பிற்காலச் சோழர் கல்வெட்டு இராசகேசரிப் பெருவழி என்று பேர் சொல்லும் பாதையும் அந்தத் திசையில்தான் போகிறது.

இங்கிருந்து என்ன போனது? மிளகு போனது, துணி போனது, பச்சைக்கல்லும் போனது. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பூமியைத் தோண்டி எடுத்த கல் அது. நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில், 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் அந்தக் கல்லை மணியாக்கிய பட்டறைகளின் தடயங்கள் வெளிவந்தன. ஆக, அந்த வணிகத்தின் இரண்டு முனையிலும் ஒரு குழி இருந்தது. நம் பக்கத்துக் குழியில் இறங்கியவர்கள் யார்? அடுத்த வாரம் படியூருக்குப் போவோம்.