தொலைப்பணி: தகவல் இடைவெளியும் மறைமுகச் செலவும்

தொலைப்பணி என்பது அலுவலகத்துக்குச் செல்லாமல், வீட்டிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ இணையம் வழியே வேலை செய்யும் முறை. பேச்சுவழக்கில் ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ எனப்படுகிறது. இதில் பயண நேரமும் நகரத்து வாடகையும் மிச்சமாகும். ஆனால் அதுவரை அலுவலகம் ஏற்றுவந்த செலவுகள் ஊழியரின் வீட்டுக்கு இடம் மாறுகின்றன. முன்பு நேரில் பேசித் தீர்த்த வேலை இப்போது அவருடைய நேரத்தில் கை வைக்கிறது.

வரலாறு

தொலைப்பணி என்ற கருத்தை 1973இல் அமெரிக்கரான ஜாக் நைல்ஸ் முன்வைத்தார். தமிழ்நாட்டில் இது பரவலானது 2020 மார்ச் ஊரடங்கின்போதுதான். பெங்களூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் வேலை பார்த்தவர்கள் லேப்டாப்புடன் தருமபுரி மாவட்டத்து இண்டூர் போன்ற சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். அதே ஆண்டு நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வீட்டிலிருந்து பணிபுரிவதற்கு இருந்த விதிகளைத் தளர்த்தியது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல நிறுவனங்களுக்கும் இதற்கெனத் தனி விதி வந்தது.

தகவல் இடைவெளி

இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பொறியாளர்கள் பேசிக்கொள்வது வேகமாகக் குறைகிறது என்பதை எம்ஐடி பேராசிரியர் தாமஸ் ஆலன் 1977இலேயே காட்டினார். 2020இன் முதல் ஆறு மாதங்களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 61,182 அமெரிக்க ஊழியர்களைப் பற்றிய ஆய்வு, தொலைப்பணியிலும் இதையொத்த போக்கைக் காட்டியது. ஊழியர்கள் தம் குழுவுக்குள் கொள்ளும் தொடர்பு இறுகியது. பிற குழுக்களுடன் செலவிடும் நேரம் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது.

அதிகம் பாதிக்கப்படுபவர் புதிதாகச் சேர்ந்தவரே. அவர் பிழைச்செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புகிறார். மூத்தவர் மீட்டிங் முடித்து வந்து, ‘எந்த சர்வர்?’ என்று மட்டும் கேட்கிறார். பதில் போய்ச் சேரும்போது மூத்தவர் அடுத்த மீட்டிங்கில் இருக்கிறார். பக்கத்து இருக்கை என்றால் இரண்டு நிமிடத்தில் தீரும் சந்தேகம் அரைநாளை விழுங்கிவிடுகிறது. இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாவது முறை கேட்கவே புதியவர் தயங்குவார்.

வெளிநாட்டுக் குழுக்களுடன் வேலை செய்பவர்களுக்கு நேர வேறுபாடும் சிக்கலைக் கூட்டுகிறது. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தை மாற்றும்போதெல்லாம் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரமும் நகர்கிறது.

மறைமுகச் செலவுகள்

நாற்காலி, இன்வெர்ட்டர், பேட்டரி, ஒரு இணைப்பு போனால் கைகொடுக்க இன்னொரு இணைப்பு ஆகியவை வெளிப்படையான செலவுகள். துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் இன்வெர்ட்டரும் தாக்குப்பிடிப்பதில்லை. விடுப்பு எடுக்க வேண்டும், அல்லது மின்சாரம் உள்ள உறவினர் வீட்டுக்குப் போக வேண்டும்.

கண்ணில் படாத செலவு மின்கட்டணத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த கட்டண அடுக்கின்படி, இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலை ₹2.25இலிருந்து ₹4.50 ஆனது. ஒரே ஒரு யூனிட் கூடினாலும் இதனால் மட்டும் ₹225 ஏறியது. பகல் முழுவதும் மின்விசிறியும் கணினியும் ஓடும் வீடு இத்தகைய எல்லையை எட்டிவிடக்கூடும். சம்பளம் வாங்குபவர் இச்செலவுகளைத் தனியாகக் காட்டி வருமானவரியில் கழிக்கவும் முடியாது; எல்லோருக்கும் பொதுவான நிலையான கழிவுதான் உண்டு.

பதவி உயர்விலும் இழப்பு உண்டு. சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் ஒன்பது மாதம் நடந்து, 2015இல் வெளியான ஆய்வில், வீட்டிலிருந்து பணிபுரிந்தோரின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அதே அளவு திறமை காட்டிய அலுவலக ஊழியர்களைவிட அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்ததும் பலர் அலுவலகத்துக்கே திரும்பினர். தனிமை அதற்கு முக்கியக் காரணம்.

மாற்று வழிகள்

ஒரு வழி, அலுவலகத்தையே ஊருக்குக் கொண்டுவருவது. ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. சொந்த ஊர்ப் பக்கம் இருந்துகொண்டே சக ஊழியர்களுடன் நேரில் வேலை செய்ய இது இடமளிக்கிறது. மின்சாரமும் இணையமும் நிறுவனத்தின் கணக்கிலேயே நிற்கின்றன.

மற்றொன்று, வாரத்தில் சில நாள் மட்டும் வீட்டிலிருந்து பணிபுரியும் கலப்பு முறை. டிரிப்.காம் எனப் பெயர் மாறிய அதே சீன நிறுவனத்தின் 1,612 ஊழியர்களிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பணிபுரிந்தோரிடையே வேலையை விட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்வில் பாதிப்பு தென்படவில்லை.