பஞ்சத்தில் பழுத்த கனி

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி இன்று தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர். 1970-களில் சிப்காட் வளாகம் எழுமுன், கேழ்வரகும் கொள்ளும் விளைந்த வானம் பார்த்த பூமி இவ்வட்டாரம். இப்பகுதிப் பழக்கடைகளில் செந்தோலும் பச்சைச் செதில்களும் கொண்ட டிராகன் பழம் இன்று மதிப்புடன் வீற்றிருக்கிறது. குஜராத் அரசு 2021-இல் அதற்குக் ‘கமலம்’ எனப் பெயரிட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட உழவர் சிலர் கல்தூண்களில் படரவிட்டு, சொட்டுநீர் பாய்ச்சி இதனை வளர்க்கின்றனர். இரவில் மலரும் இதன் பூ, ஏறத்தாழ ஒரு மாதத்தில் கனியாகிறது. இது கள்ளியின் கனி என்பதை உண்போர் பலர் அறியார்.

ஆயினும் கள்ளிக்கனி நம் மக்களுக்குப் புதிதன்று. வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் பழத்தை, நுண்முட்களைத் தரையில் தேய்த்து நீக்கி, வாய் சிவக்க உண்டவர்கள் ஆடு மேய்த்த சிறுவர்கள். எல்லைக்கு அப்பால் கன்னடர் இதனைப் பாபாசுக்கள்ளி என்பர்.

இச்செடி இம்மண்ணில் பிறந்ததன்று. சங்கப் பாடல்கள் கூறும் கள்ளி வேறு இனம்; சப்பாத்தியோ அமெரிக்கக் கண்டத்தது. மெக்சிகோவில் இதன்மேல் வாழும் ஒரு சிறு பூச்சியை உலர்த்திச் செஞ்சாயம் எடுத்தனர். அவ்வணிகத்தால் ஸ்பெயின் பெருஞ்செல்வம் ஈட்டியது. அதில் பங்கு நாடிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கொணர்ந்தார். அது தரம் குறைந்த இனம். சாய வணிகம் பொய்த்தது. கள்ளியினங்களோ காடு மேடெங்கும் பரவின.

1876–78 பெரும் பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. ஓசூர் அன்று அதில் அடங்கியிருந்தது. புல்லும் கருகிய அந்நாளில், முள் பொசுக்கிய கள்ளி மடல்கள் கால்நடைக்குத் தீனியாயின. அதன் கனி ஏழையரின் பசிக்குச் சிறிதேனும் உதவியது.

எனினும் மேய்ச்சல் நிலங்களை விழுங்கிய கள்ளியை அகற்றவும் வேண்டியிருந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு சாயப்பூச்சி கொணரப்பட்டது. சில ஆண்டுகளில் தென்னாட்டில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலத்தில் கள்ளி அழிந்தது. உழவருக்கு அது நன்மையே. ஆனால் இத்தகைய பூச்சியை 1924-இல் பிரெஞ்சுக்காரர் மடகாஸ்கரில் விட்டபோது, கள்ளியையே உணவாகவும் மாட்டுத் தீனியாகவும் நம்பியிருந்த தென்பகுதி மக்கள் பட்டினியில் வீழ்ந்தனர். ஒருவருக்குக் களையாயிருந்தது மற்றவருக்கு உணவாயிருந்தது.

ஏழை உண்டபோது இழிவாக எண்ணப்பட்ட கள்ளிக்கனியின் உறவே, இன்று விலைகொடுத்து வாங்கும் விருந்துப் பழம். பொருளின் மதிப்பை அதன் பயனால் அளக்கிறோமா, உண்பவரின் நிலையால் அளக்கிறோமா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கமலத்தைச் சுவைக்கும் வேளையில், கள்ளிப் பழத்தால் பஞ்ச நாள்களைக் கடந்த முன்னோரையும் நன்றியோடு நினைப்போம்.