பழஞ்சோறும் முற்றுப்பெறாத வீடும்: மட்டக்களப்பு வாவிக்கரையின் வீட்டுச் சிக்கனம் பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் பொருளாதார வரலாறு எழுதப்பட்ட போதெல்லாம் அது பெரும்பாலும் நெல்லின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எஸ். ஓ. கனகரத்தினம் 1921 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய நூலாயினும் சரி, பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) ஆயினும் சரி, வயலையும் வேளாண்மையையும் விதந்து பேசுவன. களவெட்டியில் நெல் தூற்றப்பட்டுச் சாக்கில் ஏறும்வரை நமது ஆய்வாளர்கள் அதனைப் பின்தொடர்கின்றனர். வீட்டு வாயிலைக் கடந்து அந்நெல் உள்ளே சென்றதும் அவர்கள் திரும்பிவிடுகின்றனர். உள்ளே அது எவ்வாறு அளக்கப்பட்டது, எத்தனை நாளைக்குப் பகிரப்பட்டது, எவர் குறைத்து உண்டார் என்னும் வினாக்கள் வரலாற்றுக்கு உரியனவல்ல என்று கருதப்பட்டன போலும். அவ்வினாக்களையே நாம் இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகிறோம்.

'சிக்கனம்' என்ற சொல் கள்ளமற்ற சொல்லன்று. பிரித்தானியாவில் சாமுவேல் சிமைல்ஸ் சிக்கனத்தையே தலைப்பாகக் கொண்ட நூலை 1875 இல் வெளியிட்டார். உழைப்பாளியின் வறுமைக்குக் காரணம் அவனது ஊதாரித்தனமே என்ற கருத்துநிலை அக்கால முதலாளித்துவத்துக்குப் பெரிதும் உவப்பானதாக இருந்தது. மூலதனம் முதலாளியின் நுகர்வுத் துறவினால் விளைந்தது என்ற நாசோ சீனியரின் கோட்பாட்டை மார்க்ஸ் எவ்வளவு எள்ளலோடு எதிர்கொண்டார் என்பது 'மூலதனம்' படித்தோர் அறிந்ததே. இலங்கையில் 1885 இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தோன்றியது; 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றின. பின்னாளில் ஊர்தோறும் 'சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம்' என்ற பெயர்ப்பலகை தொங்கலாயிற்று. திருக்குறளின் 'வாழ்க்கைத் துணைநலம்' தொடங்கி மனையாளின் சிறப்பைக் கணவனின் வரவோடு பொருத்திப் பேசுதல் நமக்கும் புதிதன்று. ஆயின், மிச்சம் பிடித்தவர் யார், அம்மிச்சம் எவருக்குச் சென்றது என்பதை இவ்வறவுரைகள் கூறா.

வாவியின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்நீர்ப்பரப்பு பிரதேசத்தை இரு கரைகளாகப் பிரிக்கிறது. கதிரவன் எழும் கிழக்குக்கரை எழுவான்கரை. அவன் படும் மேற்குக்கரை படுவான்கரை. எழுவான்கரையில் தென்னையும் மீனும் நெசவும் கடைத்தெருவும். படுவான்கரையில் வயலும் எருமையும் காடும். இவ்விரு கரையினரும் தோணியிலும், 'பாதை' என்று அங்கு வழங்கும் மிதவையிலும் மீனும் தேங்காயும் கொண்டுசென்று நெல்லும் தயிரும் மாற்றி வந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் வாழும் முறைக்குப் பிட்டையும் தேங்காய்ப்பூவையும் உவமை சொல்வது அப்பகுதி வழக்கு. அவ்வுவமை அடுக்களையிலிருந்து எழுந்தது என்பது தற்செயலன்று.

ஆனால் இப்பண்டமாற்றைச் சமத்துவமான கிராமியப் பொதுவுடைமை என்று கொள்ளுதல் பெரும்பிழையாகும். வயலின் பெரும்பகுதி போடியார் என்னும் நிலவுடைமையாளர் கையில் இருந்தது. முல்லைக்காரனும் அவனுக்குக் கீழ் உழைத்த வயற்காரரும் விதைநெல்லையும் உணவுநெல்லையும் போடியாரிடம் முன்கூட்டிப் பெற்று அறுவடையில் வட்டியோடு திருப்பினர். மாரிப்போகம் மாசி, பங்குனியில் வெட்டப்படும். ஐப்பசி முதல் தை வரையிலான மழைமாதங்களோ நெல் தீர்ந்து, கடலும் கொந்தளித்து, கூலிவேலையும் அருகிய மாதங்கள். போடியாரின் கணக்குக் கொப்பியில் கடன் ஏறுவதும் அம்மாதங்களிலேதான். அக்கடனை எவ்வளவு குறைவாக ஏற்றிக்கொள்வது என்பதே உழைப்பாளி வீட்டுப் பெண்ணின் வரவுசெலவுத் திட்டம். அதற்குக் கொப்பி இல்லை. சுவரில் இட்ட கரிக்கோடுகளும் மனக்கணக்கும் மட்டுமே உண்டு.

பழஞ்சோற்றை எடுத்துக்கொள்வோம். இராச்சோற்றில் எஞ்சியதற்கு நீரூற்றி வைத்து மறுநாட் காலையில் உண்பது என்று இதனை விளக்குவர். போடியார் வீட்டைப் பொறுத்தவரை இவ்விளக்கம் சரியானதே. அங்கு சோறு எஞ்சியது. எஞ்சியதை வேலையாளுக்கு ஈந்தனர். ஈகை என்ற பெயரும் பெற்றனர். வயற்காரன் வீட்டிலோ சோறு ஒருபோதும் எஞ்சியதில்லை. அங்கு இரவு உலையிலேயே காலைக்குரிய அரிசி சேர்த்து இடப்பட்டது. ஒரே அடுப்பில் இரு வேளை. ஒரு வேளை விறகு மிச்சம். விடியுமுன் நாற்றுப் பிடுங்கவோ களை எடுக்கவோ அருவி வெட்டவோ செல்லும் பெண்ணுக்கு ஒரு மணிநேர உறக்கம் மிச்சம். உறைந்த எருமைத்தயிர் போடியாருக்கும் சந்தைக்கும் உரியது. மோரும், உப்பும், சின்ன வெங்காயமும், சுட்ட கருவாடும் பழஞ்சோற்றுக்கு உரியவை. ஆகவே பழஞ்சோறு மிச்சம் அன்று, திட்டம். வயலில் உழைப்புச் சக்தி மறுநாளும் மலிவாகக் கிடைப்பதற்கு அடுக்களையில் ஊதியமின்றி நிகழ்ந்த ஏற்பாடு அது. இதனை 'நம் முன்னோரின் உணவு ஞானம்' என்று மட்டும் புகழ்வோர் அந்த ஒரு மணிநேர உறக்கத்தை மறந்துவிடுகின்றனர்.

இத்தகைய ஏற்பாடுகள் பல. உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியைத் திரும்பப் பானையில் இடும் பிடியரிசி. குத்திய அரிசியிலிருந்து பிரிந்த குறுணல் கஞ்சிக்கு, தவிடு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு, உமிக்கரி பல்லுக்கும் பாத்திரத்துக்கும். மீனின் சதை ஒரு கறி. தலையும் முள்ளும் மறு வேளைச் சொதி. பழஞ்சேலை ஏணையாகி, ஏணை அணையாடையாகி, அது கிழிந்து கைபிடித் துணியாகிப் பின்னர் விளக்குத் திரியாகும். தேங்காயைப் பொறுத்தவரை எறியப்படுவது எதுவுமே இல்லை. இவ்வளவும் வறுமையின் இலக்கணம். எனினும் அறிவும் கைத்திறனும் அற்ற ஒன்றன்று. வாழ்வாதாரத்தின் விளிம்பில் நிற்போர் பிழைவிட இயலாது. ஆதலின் அவர்களின் கணக்கு எந்தக் கணக்காளனின் கணக்கிலும் நுண்ணியதாக இருந்தது.

கைவினையும் இக்கணக்கினுள் அடங்கும். வாவியோரச் சதுப்பில் வளரும் பன்னைப் பிடுங்கி, உலர்த்தி, கிழித்து, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்துப் பெண்கள் பாய் இழைத்தனர். எழுவான்கரை முஸ்லிம் ஊர்களின் பன்பாய்க்கு நெடுங்காலமாகப் பெயருண்டு. தென்னோலையைக் கிடுகாகப் பின்னுதலும் அவ்வாறே. இவ்வேலைகளுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கப்பட்டதில்லை. உலை கொதிக்கும் இடைவேளையில், பிள்ளை உறங்கும் பொழுதில், மழை வெளியே விடாத நாளில் அவை நிகழ்ந்தன. சோற்றில் மிச்சம் இல்லாத வீட்டில் நேரத்தில் மிச்சம் தேடிய முயற்சி இது. அரைகுறையாகச் சுருட்டி வளையில் செருகிய பாயை வாவிக்கரை வீடுகளிற் பழகியோர் கண்டிருப்பர். அதனைச் சோம்பலின் அடையாளம் என்று வெளியார் எண்ணக்கூடும். உண்மை வேறு. ஓரம் மடிக்கப்படாத பாய்க்குச் சந்தையில் விலையில்லை. ஓரம் மடித்துவிட்டால் அது காசு. பள்ளிக்கூடக் கொப்பிக்கோ மருந்துக்கோ கோயிற் கடனுக்கோ காசு தேவைப்படும்வரை அது முற்றாமல் இருந்தது. தேவை நேர்ந்த இரவில் விளக்கேற்றி முடிக்கப்பட்டது. எனினும் அவசரத்தில் விற்பவருக்கு விலைபேசும் வலிமை இல்லை. வியாபாரி இதனை நன்கறிவான்.

இங்ஙனம் சேர்த்தவை எதற்காகச் சேர்க்கப்பட்டன? இவ்விடத்திலேயே மட்டக்களப்பின் தனித்தன்மை வெளிப்படுகிறது. இப்பிரதேசத்தில் குடி தாய்வழியாகக் கணிக்கப்படும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் சீதனமாக மகளுக்குச் சேரும். தாயின் வீடு பெரும்பாலும் மூத்த மகளுக்கு. பெற்றோர் எஞ்சிய பிள்ளைகளோடு அயலில் இன்னொரு வீட்டுக்குப் பெயர்வர். அடுத்த மகள் மணமுடிக்கையில் அதனையும் விட்டகல்வர். ஆகவே பெண்மக்கள் உள்ள குடும்பத்தில் வீடு கட்டுதல் என்பது வாழ்நாள் முழுவதும் முடியாத வேலை. இவ்வாண்டு அத்திவாரம், இரண்டாண்டு கழித்துச் சுவர், கூரை எப்போதோ. மகள் தவழும் பருவத்தில் தொடங்கிய வீடு அவள் பூப்பெய்தியும் பூச்சின்றி நிற்பதை அங்கு எவரும் வியப்பதில்லை. பிடியரிசியும் பன்பாயும் இறுதியில் அந்தச் சுவரில் கல்லாக ஏறின. உழைத்துக் களைத்த தாய்க்குத் தன் மிச்சம் தன் மகளின் பெயரில் நிலைக்கும் என்ற உறுதி இருந்தது. தாய்வழி முறையைப் பெண்ணாட்சி என்று கொள்ளவேண்டியதில்லை. கோயிற் பதவியும் ஊர்த் தலைமையும் ஆண்களிடமே இருந்தன. நிலமற்ற குடும்பத்துக்குச் சீதனம் பெரும் சுமையுமாயிற்று. ஆயினும், சேமிப்பின் பயன் சேமித்தவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பது சிறிய செய்தியன்று.

இவ்வுறுதியைச் சட்டம் இருமுறை காணத் தவறியது. முக்குவரின் உரிமை வழக்குகளைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு இயற்றப்பட்ட திருமண உரிமைகள், வழியுரிமை பற்றிய 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு விலக்களித்தது. மட்டக்களப்பு வழமைக்கு அளிக்கவில்லை. வழமை ஏட்டில் ஏறிய ஆண்டிலேயே அதன் சட்ட வலுவும் போயிற்று. (சிமைல்சின் சிக்கன நூல் வெளிவந்து ஓராண்டே ஆகியிருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.) மக்கள் இதனைச் சீதன உறுதியாற் கடந்தனர். இறந்தபின் செல்லும் உரிமையைச் சட்டம் மாற்றியபோது, உயிரோடிருக்கும்போதே மகளுக்கு எழுதிக் கொடுத்தனர். நீதிமன்றத்தைவிட அடுக்களை கூர்மையாகச் சிந்தித்தது எனலாம்.

இலக்கிய மாணவர் என்ற வகையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இப்பிரதேசத்தின் பெருந்தெய்வம் கண்ணகி. வைகாசியில் அவளது கோயில்களில் வழக்குரை படித்துக் குளிர்த்தி ஆடுவர். பத்தினியின் சினம் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். அக்கதை ஒரு வீட்டின் கையிருப்புத் தீர்ந்த கதையுமாகும். கணவன் எல்லாவற்றையும் செலவிட்டபின் எஞ்சிய கடைசி உடைமை சிலம்பு; அது சந்தைக்குச் சென்றபோதே அநீதி நிகழ்கிறது. இறுதிச் சேமிப்பையும் விற்கக் கொடுத்தவளை, வீடு பெண்ணுக்குரிய ஒரு நாடு தெய்வமாக வைத்துக்கொண்டதன் பொருளை நமது சிலப்பதிகார ஆய்வுகள் இன்னும் நன்கு ஆராயவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அரசு அடுக்களைக்குள் நேரடியாகவே நுழைந்தது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி 'ஹேர்மீஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலிலேயே மூழ்கடிக்கப்பட்டது. பங்கீட்டு முறை வந்தது. 1953 இல் பங்கீட்டரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஓகஸ்ட் 12 ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. அடுக்களைக் கணக்கு அரசியலாக மாறிய நாள் அது. எழுபதுகளின் நடுப்பகுதியில் பாண் வரிசையும் மரவள்ளிக் கிழங்கும், அரிசியை இடம்பெயர்த்தலுக்கான கட்டுப்பாடும் வந்தன. 1978 நவம்பர் 23 ஆந் திகதிச் சூறாவளி எழுவான்கரைத் தென்னைகளைச் சாய்த்தது. சாய்ந்தவை மரங்கள் மட்டுமல்ல. கிடுகு, ஈர்க்கு, சிரட்டை, விறகு, எண்ணெய் என்று காசு கொடாமல் பெற்ற ஒரு வரவு முழுவதும் ஓரிரவில் அற்றுப்போயிற்று. மறு ஆண்டே பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. விலை ஏற, முத்திரையின் தொகை ஏறாமல் நின்றது.

எழுபதுகளின் இறுதியிலிருந்து பெண்கள் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர். சீதன வீட்டைக் கட்டி முடிக்கும் நோக்கம் அவர்களிற் பலரைச் செலுத்தியது. தன் வீட்டுச் சுவர் உயர இன்னொருவர் வீட்டுச் சமையலைச் செய்யவேண்டியதாயிற்று. போரோ, கட்டியவற்றை இடித்தும் எரித்தும் கணக்கை மீண்டும் மீண்டும் தொடக்கத்திற்குக் கொண்டுசென்றது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் எழுவான்கரையில் உதவி வீடுகள் எழுந்தன. குடும்பத் தலைவர் என்ற நிர்வாகக் கருத்து ஆணையே குறித்தமையால், பெண்ணின் சீதன வளவில் அழிந்த வீட்டுக்கு ஈடான வீடு பல இடங்களில் ஆணின் பெயரில் பதிவாகும் நிலை தோன்றியது. பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரலெழுப்பின. 1876 இன் தவறு வேறோர் அலுவலகத்தில் மீண்டும் நிகழ்ந்தது.

போர் 2009 இல் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் கிராமந்தோறும் வந்தன. வாரத்துக்கொரு தவணை, அயற்பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. போடியாரின் கடன் அறுவடைவரை பொறுத்திருந்தது. இக்கடன் அடுத்த வாரம்வரையே பொறுத்தது. 2018 இல் வறட்சிக்குள்ளான மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்ததே நிலைமையின் தீவிரத்துக்குச் சான்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அப்போதும் நாளேடுகளும் வானொலியும் இல்லத்தரசிகளுக்குச் சிக்கனக் குறிப்புகள் கூறின. மிச்சச் சோற்றை வீணாக்காதிருக்கும் வழிகளை, மிச்சச் சோறே இல்லாத வீடுகள் கேட்டுக்கொண்டிருந்தன.

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. இப்போது படுவான்கரைக்குப் பாதைக்காகக் காத்திராமற் சென்றுவிடலாம். வீதியின் இருபுறமும் கூரையின்றி, யன்னற் சட்டமின்றி, கம்பிகள் துருத்தி நிற்கும் கல்வீடுகளைக் காணலாம். பாதி இழைத்த பாய்போல அவையும் ஏதோ ஒரு காசுக்காகக் காத்து நிற்கின்றன. ஆயின் பாயை முடிக்கும் கை வீட்டுக்குள்ளேயே இருந்தது. இவ்வீடுகளை முடிக்கவேண்டிய காசு வாரந்தோறும் தவணையாக வெளியே சென்றுகொண்டிருக்கிறது.