தோற்றவர் தந்த எழுத்து



தாய்லாந்தில் சியாங் மாய்க்குத் தெற்கே 26 கிலோமீட்டரில் லம்பூன். காலையில் போய் மாலையில் திரும்பினோம். அமைதியான ஊர். பழைய பெயர் ஹரிபுஞ்சய. மோன் மக்களின் அரசு. முதலில் ஆண்டவர் சாமதேவி என்ற அரசி என்பது மரபுக் கதை. அவர் பெயரிலுள்ள கோயிலில் ஐந்தடுக்குத் தூபி. அடுக்குக்கு ஒரு பக்கம் மூன்று மாடங்கள், மொத்தம் 60. எண்ணிப் பார்த்தேன், வாத்தியார் புத்தி!

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மங்ராய் மன்னர் இவ்வூரை வென்றார். 1296இல் சியாங் மாயை நிறுவினார். ஆனால் வென்றவர்களின் லன்னா எழுத்து, தோற்ற மோன்களின் எழுத்திலிருந்து பிறந்தது. அதற்கும் மூலம் நம் பல்லவர் எழுத்து.

வகுப்பில் போர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். தோற்றவர்கள் எதை விட்டுச்சென்றார்கள் என்று ஒருநாளும் உங்களைக் கேட்கவில்லை. அது என் குறைதான்.