கள ஆய்வேடு

கள ஆய்வேடு என்பது நூல்களிலிருந்து மட்டுமன்றி, ஓர் ஊரில் நேரில் கண்டும் கேட்டும் திரட்டிய தரவுகளைக் கொண்டு மாணவர் எழுதி, பட்டத்திற்காகப் பல்கலைக்கழகத்திடம் அளிக்கும் ஆய்வு நூல் ஆகும். தமிழ், நாட்டார் வழக்காற்றியல், வரலாறு, மானிடவியல் ஆகிய துறைகளில் இவ்வகை மிகுதி. தேனி மாவட்டக் கல்லூரிகள் பல, 1966இல் தொடங்கப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றவை.

அமைப்பு

முன்னுரை, இயல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு என்பது பொதுவான வரிசை. ஆய்வு நோக்கம், எல்லை, கருதுகோள், முன்னாய்வுகள் ஆகியன முன்னுரையில் இடம்பெறும். ஒவ்வோர் இயலின் இறுதியிலும் தொகுப்புரை எழுதி, அதையே முடிவுரையில் மீண்டும் அடுக்குவது பரவலான வழக்கம். நன்னூல் பாயிரம் நூற்குற்றங்கள் பத்தனுள் ஒன்றாகக் கூறியது கூறலை வைத்துள்ளது. அந்நூலைப் பாடமாகப் பயின்றவர்களே இதைச் செய்வது வியப்பு.

தரவும் தகவலாளரும்

இவ்வகை ஆய்வேட்டின் உயிர் பின்னிணைப்பிலேயே உள்ளது. பெரியகுளம் வட்டத்தில் உள்ள தேவதானப்பட்டியை எடுத்துக்கொள்ளலாம். இங்குள்ள மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு அடைக்கப்பட்டே இருக்கும். வழிபாடு கதவுக்கே நடைபெறுகிறது. உருவத்தைக் கண்டு விவரிக்க இயலாத இடத்தில், பூசாரிகளும் ஊராரும் சொல்லும் வரலாறே முதன்மைத் தரவு ஆகிறது. அதைச் சொன்னவர் யார், அவருக்குக் கோயிலோடு உள்ள உரிமை என்ன, எந்நாளில் எங்கே சொன்னார் என்பவை குறிக்கப்படாவிட்டால், 'மக்கள் நம்புகின்றனர்' என்ற ஒரு தொடர் மட்டுமே எஞ்சும்; பின்வருவோர் அதைச் சரிபார்க்க இயலாது. ஒரே கதையை இருவர் வேறுபடச் சொன்னால் இரண்டையும் தருதல் வேண்டும். பேச்சுவழக்கை எழுத்துநடைக்குத் திருத்துவதும் தரவைச் சிதைப்பதே.

ஊர்ப்பெயரிலும் இதே எச்சரிக்கை தேவை. தேவதானம் என்பது கோயிலுக்கு விடப்பட்ட நிலக்கொடையைக் குறிக்கும் சொல். ஆயினும் எந்தக் கோயிலுக்கு, யாரால், எப்போது என்பதற்குக் கல்வெட்டோ பட்டயமோ காட்டாதவரை அது ஊகமே.

மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1957இல் அதனை நூலாக வெளியிட்டார். நீண்டகாலக் களப்பணிக்கு இவ்வட்டாரத்தில் அது முன்மாதிரி.

சான்று காட்டல்

அடிக்குறிப்பில் 'மேலது', 'முற்சுட்டிய நூல்' போன்ற குறியீடுகள் ஆளப்படுகின்றன. மேலைநாட்டு முறைகள், குறிப்பாக 1951இல் முதலில் வெளியான அமெரிக்க நவீன மொழிக் கழகத்தின் நடைத்தாள் வழிவந்தவை, குடும்பப்பெயரை முன்வைத்து அகரவரிசைப்படுத்துகின்றன. தமிழர் பெயரில் குடும்பப்பெயர் இல்லை. தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். எனவே 'வானமாமலை, நா.' என இயற்பெயரை முன்வைத்துத் தமிழ் நெடுங்கணக்கு வரிசையில் அடுக்குவதே பொருத்தம். தகவலாளர் பட்டியலுக்கும் இதுவே பொருந்தும்.

தட்டச்சும் ஒப்புமைச் சோதனையும்

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தர எழுத்துமுறையாக ஏற்றது. அதற்கு முன்பு பெரும்பாலான ஆய்வேடுகள் தனித்தனிக் குறியாக்கம் கொண்ட எழுத்துருக்களில் அச்சாயின. அக்கோப்புகள் வேறு கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். அவற்றில் தேடவும் முடியாது, அவற்றிலிருந்து படியெடுத்ததைக் கண்டறியவும் முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. 60 விழுக்காட்டை மிஞ்சினால் மாணவரின் பதிவு நீக்கப்படும். ஆனால் மென்பொருளால் படிக்க முடியாத பக்கங்கள் இக்கணக்கில் வருவதில்லை.

இன்றைய நிலை

ஓர் ஊரையோ ஒரு கோயிலையோ மட்டும் எடுத்துக்கொள்ளும் சிறிய ஆய்வுகளுக்கு இளமுனைவர்ப் பட்டமே ஏற்றதாக இருந்தது. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் அப்பட்டத்தைக் கைவிட்டன. முன்பு பெற்ற பட்டங்கள் செல்லும். சோத்கங்கா மின் களஞ்சியத்தில் முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளுக்கே முதலிடம் என்பதால், இளமுனைவர் ஆய்வேடுகள் பலவற்றைக் காணக் கல்லூரி நூலகங்களுக்கும் துறை அலமாரிகளுக்கும் நேரில் செல்லவேண்டியுள்ளது.