ஓடிய கால்களும் ஓடாத நீதியும்

பந்தய வீரரின் வரலாறு என்றால் பதக்கங்களின் பட்டியல் என்றே பலர் எண்ணுகின்றனர். எத்தனை மீட்டர், எத்தனை நொடி, பொன்னா, வெள்ளியா, இவ்வளவுதானா வரலாறு? ஓடியவர் எந்தக் குடிசையிலிருந்து புறப்பட்டார், ஓடி முடித்தபின் உலகம் அவரை எங்கே நிறுத்தியது என்று கேட்பதும் வரலாறே. அந்தக் கேள்வியைத்தான் நாம் இங்கே கேட்கிறோம்.

புதுக்கோட்டை, பழைமையின் தடையைப் பெண்ணொருத்தி தாண்டிய மண். ஆடவர் பயிலும் கல்லூரியில் பெண்ணுக்கென்ன வேலை என்று வைதிகம் முணுமுணுத்த காலத்தில் மன்னர் கல்லூரியில் சேர்ந்து பயின்றவர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-இல் அவர் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்த மண்ணில், கத்தக்குறிச்சி என்னும் சிற்றூரில், 1981-இல் பிறந்தார் சாந்தி சௌந்தரராஜன். தாழ்த்தப்பட்ட குடும்பம், செங்கற்சூளையே பெற்றோருக்குப் பிழைப்பு. ஐந்து பிள்ளைகள், அரை வயிற்று உணவு. ஓடக் கற்றுத் தந்தவர் பாட்டனார். ஓடுகளமோ ஊர்ப்புற மண்தரை. அந்த ஓட்டமே அவருக்குக் கல்லூரியின் கதவைத் திறந்தது.

2005-இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில், அதே தொலைவை 2 நிமிடம் 3.16 நொடியில் கடந்து மீண்டும் வெள்ளி. மூன்றாவதாக வந்த கசகஸ்தான் வீராங்கனைக்கும் அவருக்கும் இடைவெளி ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு! நாடு கைதட்டியது. ஆனால், அந்தக் கைதட்டல் ஓயுமுன்பே பாலினச் சோதனை என்றார்கள், தேறவில்லை என்றார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். மருத்துவர் அறையில் மறைவாகக் காக்கப்பட வேண்டிய செய்தி, தெருமுனைப் பேச்சாயிற்று. அவர் ஊக்க மருந்து உண்டாரா? இல்லை. எவரையும் ஏய்த்தாரா? இல்லை. பிறந்த உடலோடு ஓடினார், அதுவே குற்றமாயிற்று!

இந்தக் கொடுமைக்கு முன்கதை உண்டு. 1966-இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர்முன் ஆடையின்றி நிறுத்தப்பட்டனர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. 1985-இல் சப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில், ஸ்பெயின் நாட்டுத் தடையோட்ட வீராங்கனை மரியா ஓசே மார்ட்டினெஸ் பட்டினோ அதில் தேறவில்லை. காயம் என்று சொல்லி ஒதுங்கிக்கொள் என்றனர். அவர் ஒதுங்கவில்லை, 1986-இல் 60 மீட்டர் தடையோட்டத்தில் ஓடி வென்றார். உடனே செய்தி கசிந்தது; உதவித்தொகை போயிற்று; விடுதி போயிற்று; சாதனைகளும் அழிக்கப்பட்டன. அவர் அறிவியலைத் துணைக்கழைத்துப் போராடினார். ஆண்களுக்குரிய குரோமோசோம் இருந்தபோதிலும், ஆண்மைச் சுரப்பை ஏற்காத உடல் தம்முடையது என்று மெய்ப்பித்து, 1988-இல் உரிமையை மீட்டார்.

இயற்கை, நாம் கிழிக்கும் கோட்டுக்குள் அடங்கிப் பிறப்பதில்லை என்பதே அறிவியல் தரும் பாடம். மகளிர் போட்டியில் சமநீதி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், விதியும் வேண்டும். ஆனால் அந்த விதி முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். மறைவு காக்க வேண்டும். மறுமொழிக்கு இடந்தர வேண்டும். விதியை நாட்டுவோர் சான்று காட்ட வேண்டும். ஒடிசாவின் விரைவோட்ட வீராங்கனை தூத்தி சந்த் 2014-இல் விலக்கப்பட்டபோது, இதைத்தான் விளையாட்டுக்கான நடுவர் மன்றத்தில் கேட்டார். 2015-இல் அந்த விதியே நிறுத்தி வைக்கப்பட்டது; 2018-இல் அவர் ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வென்றார். தூத்திக்கு வழக்காட ஆள் இருந்தது. சாந்திக்கு யார் இருந்தார்?

அன்றைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் பறிபோனபின்னும் 15 இலட்ச ரூபாய்ப் பரிசை வழங்கினார். சாந்தி அதைக்கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தந்தார். பணம் கரைந்தது, 2012-இல் ஆசிய வீராங்கனை செங்கற்சூளையில் நாட்கூலிக்கு நின்றார்! பின்னர் பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் பெற்றார்; 2016-இல் தமிழக அரசு நிலையான பயிற்சியாளர் பணி தந்தது.

2025-இல் உலகத் தடகள அமைப்பு, மகளிர் பிரிவினர் அனைவருக்கும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அந்தச் சோதனைச் சாலையின் வாயிலில் நாளை நிற்கப்போவது நம் சிற்றூர்ச் சிறுமியாகவும் இருக்கலாம். சட்டம் பேச ஒருவர், மருத்துவம் விளக்க ஒருவர், தோளில் கைவைக்க ஒருவர். இந்த மூவரை அவளருகே நிறுத்துவது இளைஞர் உலகின் கடமை. பதக்கம் பறிபோகலாம், மானம் பறிபோக விடலாமா?